பொழுது சாயும் முன் வீடு திரும்பினோம்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"அன்றைய குழந்தைப் பருவமும் இன்றைய குழந்தைப் பருவமும்" என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். அறுபதைக் கடந்த ஒருவரிடம் இத்தலைப்பைக் கொடுத்தால் அவர் என்ன பேசுவார் என்பது உங்களுக்குத் தெரியும். கோலி, பம்பரம், கிட்டிப்புள், பாண்டி, பல்லாங்குழி என்று பட்டியலிடுவார். இக்காலப் பிள்ளைகள் கைப்பேசியால் கெட்டார்கள் என்று முடிப்பார். பெரியவர்கள் தலையசைப்பார்கள், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஆகவே அப்பட்டியலைச் சற்றே தள்ளி வைத்துவிட்டு ஒரு வினாவை முதலில் எழுப்ப விரும்புகிறேன். நாம் இழந்துவிட்டதாகச் சொல்லி வருந்துவது நம்முடைய இளமையையா, அல்லது நம் பேரப்பிள்ளைகளுக்கு உரிய ஒன்றையா? இவ்விரண்டும் வெவ்வேறு.

இளமையை நினைந்து வருந்துவது தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர் தம் பாட்டில் அமைத்த தொடரையே பெயராக்கித் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம். பூண் கட்டிய கோலை ஊன்றிக்கொண்டு, இருமலுக்கிடையே சில சொற்கள் மட்டுமே பேச முடிந்த முதியவர் ஒருவரின் குரல் அப்பாட்டில் கேட்கிறது. மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டி விளையாடியது, மகளிரோடு கைகோத்து நீராடியது, நீரின்மேல் சாய்ந்த மருத மரக்கிளையில் ஏறி, கரையில் நிற்போர் வியக்க ஆழ்மடுவில் குதித்தது, அடிமணலை அள்ளிவந்து காட்டியது ஆகிய அனைத்தையும் அவர் எண்ணி ஏங்குகிறார். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தாத்தா "அந்தக் காலத்திலே" என்று பேசியிருக்கிறார்!

எனினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த முதியவர் இழந்தது தம் இளமையை மட்டுமே. மருத மரம் அங்கேயே நின்றது. மடுவும் அங்கேயே இருந்தது. அவர் கோலூன்றி நின்று இரங்கிய அந்த நாளிலும் வேறு சிறுவர்கள் அதே கிளையிலிருந்து குதித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அவருடைய துயரம் இயற்கையானது, அதற்கு மருந்தில்லை. "இளமை நிலையாமை" என்று நாலடியாரில் ஓர் அதிகாரமே வகுத்த சமண முனிவர்களின் வழிவந்த நாம், போன இளமைக்காக அழுவது அழகும் அன்று. நம் காலத்தின் நிலை வேறு. நமக்கு இளமை போயிற்று. அதனோடு மரமும் மடுவும் போயின. குதிக்க வேண்டிய வயதில் இருக்கும் பிள்ளைக்குக் குதிக்க இடமில்லை. முதலாவதற்காக வருந்த வேண்டா. இரண்டாவதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பொன்னூர் மலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் உள்ள ஒரு சிற்றூர். அன்று அது வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1960களின் பிற்பகுதியில் எங்கள் ஊருக்கு நாளொன்றுக்கு இருமுறை பேருந்து வரும். அது வந்துபோன பின் தெரு முழுவதும் எங்களுடையது. பள்ளி விட்டதும் பையைத் திண்ணையில் எறிவோம். ஆயா தரும் வெல்லத்தையும் வறுத்த மல்லாட்டையையும் பாவாடை மடியில் கட்டிக்கொண்டு புறப்பட்டால், எங்கே போகிறாய் என்று கேட்பார் இல்லை. ஏரிக்கரை, மதகடி, களத்துமேடு, பனந்தோப்பு, ஜினாலயத்தின் வெளிச்சுற்று ஆகிய ஐந்தும் எங்கள் நாடு. நுங்குக் கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்து வண்டி செய்வோம். எட்டு வயதுப் பிள்ளை ஆறு வயதுத் தம்பியை இடுப்பில் சுமந்தபடியே நொண்டி ஆடும். சண்டை வந்தால் நாங்களே தீர்ப்புச் சொல்வோம். தோற்றவர் அழுது முடித்து, மறுநாள் மீண்டும் வருவார்.

நம் வீடுகளுக்கென்று சில கட்டுப்பாடுகள் இருந்தன. பிற வீட்டுப் பிள்ளைகள் உண்டிவில் கொண்டு வருவார்கள். எங்கள் கையில் அது இராது. ஏரி வற்றும்போது அவர்கள் மீன் பிடிக்க இறங்குவார்கள்; நாங்கள் கரையில் நிற்போம். தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டினால் ஆயா பொறுக்கமாட்டார். "உன் காலில் கட்டி இழுத்தால் உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்பார். அஹிம்சை என்னும் சொல்லை நான் கற்றது பிற்பாடு. அதன் பொருளை அந்தத் தட்டானிடம் கற்றேன்.

எல்லாவற்றினும் பெரிய கட்டுப்பாடு ஒன்று உண்டு. பொழுது சாயும் முன் வீட்டில் இருக்க வேண்டும். இரவு உண்ணாமை நம் நோன்பு ஆதலால், கதிரவன் மறைவதற்குள் கைகால் கழுவி இலையின்முன் அமர்ந்தாக வேண்டும். எங்கள் கையில் கடிகாரம் இல்லை. பனைமரத்தின் நிழல் எவ்வளவு நீண்டிருக்கிறது, வெயில் களத்துமேட்டை விட்டு எப்போது ஏறுகிறது என்பவற்றைப் பார்த்தே நேரம் அறிந்தோம். தேடிவந்து அழைக்கும் தேவை எவர்க்கும் நேர்ந்ததில்லை. இன்று எண்ணிப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புலனாகிறது. அந்த ஓர் எல்லை உறுதியாக இருந்ததனால்தான் அதற்கு உட்பட்ட நேரம் முழுவதையும் எங்களிடம் ஒப்படைக்கப் பெற்றோரால் முடிந்தது. இன்றைய பிள்ளைக்கு நாம் இடும் கட்டளைகள் நாளொன்றுக்கு நூறு. அங்கே போகாதே, அதைத் தொடாதே, ஓடாதே, தாமதிக்காதே என்று நீள்கின்றன. எங்களுக்கு இருந்தவை இரண்டே: உயிரை வருத்தாதே, பொழுது சாயும் முன் வந்துவிடு.

அன்பர்களே, இவ்விடத்தில் நான் நிறுத்திவிட்டால் அது இனிய உரையாக இருக்கும். உண்மையான உரையாக இராது. அந்தச் சுதந்திரம் யார் யாருக்கு இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என்னோடு மூன்றாம் வகுப்பில் படித்த ஒருவன், நான்காம் வகுப்பில் பள்ளிக்கு வரவில்லை. மாடு மேய்க்கப் போய்விட்டான். பகல் முழுவதும் ஏரிக்கரையில் அவன் திரிவதைப் பார்த்து நாங்கள் பொறாமைப்பட்டோம். அவன் திரிந்தது விளையாட்டு அன்று, வேலை என்பது அந்த வயதில் எங்களுக்குப் புரியவில்லை. எங்கள் சுதந்திரத்தின் பின்னால் உணவும் நிலமும் இருந்தன. அவனுக்கு அவை இல்லை.

அடுத்தது பெண்பிள்ளைகளின் நிலை. எட்டு வயதில் நுங்கு வண்டி ஓட்டிய நான் பன்னிரண்டு வயதில் திண்ணைக்கு ஏற்றப்பட்டேன். என் அண்ணன்மார் அதே மதகடிக்குப் போனார்கள். நான் உள்ளிருந்தபடி பல்லாங்குழி ஆடினேன். இதை எந்தத் தீய எண்ணத்தோடும் எவரும் செய்யவில்லை. உலக வழக்கு என்று செய்தார்கள். தொடித்தலை விழுத்தண்டினாரின் நினைவில் மகளிரும் கைகோத்து நீராடுகிறார்கள். அப்பாட்டை முதுகலை வகுப்பில் படித்தபோது ஆசிரியர் அணிநயம் கூறினார். நானோ அந்தப் பெண்பிள்ளைகள் எந்த வயதுவரை அத்துறைக்கு வந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆபத்து இல்லாத காலம் என்றும் அதைச் சொல்ல முடியாது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் இருந்தன. பாம்புக்கடிக்கு மருந்து பல கல் தொலைவில் இருந்தது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கெனத் தனிச் சட்டம் 2012இல்தான் வந்தது. அதற்கு முன் அக்குற்றம் நிகழவில்லை என்று எவரும் சொல்லமாட்டார்கள். சொல்லவும் முறையிடவும் அன்று வழியில்லை என்பதே உண்மை. ஆகவே இன்றைய தாய் தன் பிள்ளையைத் தனியே அனுப்ப அஞ்சினால், அவளைக் கோழை என்று சொல்லும் தகுதி நமக்கு இல்லை.

அப்படியாயின் அன்று எங்களைக் காத்தது எது? அன்றைய பெற்றோர் நம்மைவிடத் துணிவுடையவர்கள் அல்லர். அவர்களுக்கு உதவியாகப் பல கண்கள் இருந்தன. எங்கள் தெருவில் ஏறத்தாழ நாற்பது வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் திண்ணை. ஒவ்வொரு திண்ணையிலும் ஒரு தாத்தாவோ ஆயாவோ அமர்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டோ, மல்லாட்டை உரித்துக்கொண்டோ இருப்பார். பார்ப்பது போலவே தோன்றாது. ஆனால் நான் மதகில் ஏறினால், நான் வீடு சேர்வதற்கு முன்பே செய்தி சேர்ந்துவிடும். கண்டிக்கும் உரிமை அந்தத் தெருவில் எல்லார்க்கும் இருந்தது. "யார் நீ என் பிள்ளையை அதட்ட?" என்று எந்தத் தாயும் கேட்டதில்லை. நாங்கள் தனியாகத் திரிந்ததாக எண்ணினோம். உண்மையில் ஊரே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று நாற்பது வீடுகள் சுமந்த காவலை இன்று ஒரு தாயும் ஒரு தந்தையும் சுமக்கிறார்கள். அந்தச் சுமை தாங்காமல்தான் கதவைப் பூட்டுகிறார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியப் பணியில் இருந்தவள் என்னும் முறையில் ஒரு வகுப்பறை நிகழ்வைச் சொல்கிறேன். பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பில், "யாரும் உடன் வராமல் நான் சென்ற ஓர் இடம்" என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். பிள்ளைகள் எழுதாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், மொட்டை மாடிக்குப் போனது கணக்கில் சேருமா?" என்றாள். மற்றொருவன், "டியூஷனுக்குத் தனியாகத்தான் போவேன், ஆனால் அம்மா வாசலில் நிற்பார்கள். அதை எழுதலாமா?" என்றான். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அவர்கள். நல்ல மதிப்பெண் பெறுபவர்கள். தமிழை அழகாக எழுதத் தெரிந்த அவர்களுக்கு அன்று எழுதுவதற்கு வாழ்க்கை இல்லை. கற்பனைத்திறன் குறைந்துவிட்டது என்று நாம் அவர்களைக் குறைகூறுகிறோம். கண்டதும் விழுந்ததும் வழிதவறியதும் மீண்டதும் அன்றோ கற்பனைக்கு முதல்? அம்முதலைக் கொடுக்காமல் வட்டி கேட்டால் எப்படி?

காலையில் பள்ளிப் பேருந்து, மாலையில் தனிப்பயிற்சி, ஞாயிறன்று இசை, நீச்சல், கணினி என்று பிள்ளையின் ஒவ்வொரு மணியையும் நாம் நிரப்பிவிட்டோம். எஞ்சும் அரைமணி நேரத்தில் அவன் கைப்பேசியை எடுத்தால் அதைக் குற்றம் என்கிறோம். கைப்பேசி வருவதற்கு முன்பே தெரு வாகனங்களுக்குப் போய்விட்டது; திண்ணை இடிக்கப்பட்டு இரும்புக் கதவு வந்துவிட்டது; ஏரிக்கரை முள்மரக் காடாகிவிட்டது. வேறு எங்கும் போக முடியாத பிள்ளை, போக முடிந்த ஒரே வெளிக்குள் போகிறான். அங்கே அவன் காண்பவை எல்லாம் நல்லவையல்ல என்பது உண்மை. ஆயினும் பூட்டிய வீட்டின் ஒரே சன்னலையும் மூடுவதற்கு முன் கதவைத் திறக்க வேண்டாவா?

ஓய்வும் விளையாட்டும் குழந்தைகளின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் அவை 1989இல் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் உறுப்பு கூறுகிறது. இந்தியா 1992இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. தாளில் உள்ள அவ்வுரிமை தெருவுக்கு வர வேண்டுமானால் அதைக் கொண்டுவர வேண்டியவர்கள் நாமே.

அது இயலுமா என்பீர்கள். சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் என் மகள் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தாள். பேத்திக்கு ஒன்பது வயது. இரண்டாம் நாள் காலை, "நான் மட்டும் ஜினாலயத்துக்குப் போய் வரட்டுமா?" என்று கேட்டாள். வீட்டுக்கும் ஆலயத்துக்கும் இருநூறு அடி தூரம்தான் இருக்கும். என் மகள் மறுத்துவிட்டாள். "நீ அந்த வயதில் வயல்வெளி முழுவதும் சுற்றினாயே" என்றேன். "அம்மா, அப்போது தெருவில் ஆள் இருந்தார்கள். இப்போது வெளியே போய்ப் பாருங்கள்" என்றாள்.

போய்ப் பார்த்தேன். நாற்பது வீடுகளில் விளக்கெரியும் வீடுகள் ஒன்பது. மற்றவை பூட்டிக் கிடந்தன. சென்னையிலும் பெங்களூரிலும் இன்னும் தொலைவிலும் நம் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், மகிழ்ச்சியே. ஆனால் அந்தத் தெருவில் ஒரு குழந்தையைப் பார்க்கக் கண்கள் இல்லை. என் மகள் சொன்னதில் பிழையில்லை என்று உணர்ந்தேன். இழந்ததைத் திரும்பப் பெறும் வழியும் அவள் சொல்லுக்குள்ளேயே இருந்தது. ஒன்பது வீடுகளிலும் என் வயதினர் இருந்தார்கள். மறுநாள் காலை நால்வரிடம் சொன்னேன். எங்கள் வீட்டு வாசலில் நான், நடுத்தெருவில் ஒருவர், மூலையில் ஒருவர், ஆலய வாயிலில் இருவர் என்று அமர்ந்தோம். குழந்தையிடம் இதைச் சொல்லவில்லை. "போய் வா, வெயில் ஏறுவதற்குள் வந்துவிடு" என்று மட்டும் சொன்னோம்.

பேத்தி போனாள். கால்மணி நேரத்தில் வந்துவிடுவாள் என்று என் மகள் வாசலில் நின்றாள். அரைமணி ஆயிற்று, முக்கால் மணியும் ஆயிற்று. அவள் முகத்தைப் பார்க்க எனக்கே இரக்கமாக இருந்தது. பிறகு பேத்தி ஒரு கையில் செருப்பும் மறுகையில் மகிழம்பூவுமாக வந்து சேர்ந்தாள். என்ன செய்தாய் என்று கேட்டோம். "ஒன்றும் இல்லை, ஆயா. அங்கே ஒரு பூனை இருந்தது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்" என்றாள். அடுத்த நாள் அனுமதி கேட்கவில்லை. "போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று என் மகள் வாசலில் நிற்கவில்லை. சமையலறையிலிருந்து இருமுறை மட்டும் எட்டிப் பார்த்தாள்.

இதனால் நம் அறக்கட்டளையின் முன்னும் உங்கள் அனைவரின் முன்னும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, நம் வயதினருக்கு. விழாவுக்கும் விடுமுறைக்கும் ஊர் செல்லும்போது உள்ளறைத் தொலைக்காட்சியின் முன் அமராமல், மாலை இரண்டு மணி நேரம் வாசலில் அமருங்கள். பிள்ளைகளை அழைக்கவும் வேண்டா. அறிவுரை கூறவும் வேண்டா. இருந்தால் போதும். முதுமையில் நாம் எதற்கும் பயன்படவில்லையே என்று வருந்துவோர் இங்கே பலர் உண்டு. தெருவுக்குக் கண்ணாக இருப்பதைவிடப் பெரிய பயன் வேறென்ன?

இரண்டாவது, அறக்கட்டளைக்கு. நம் ஊர்களில் வாகனம் புகாத வெளி ஒன்று எஞ்சியிருக்கிறது என்றால் அது ஜினாலயத்தின் வெளிச்சுற்றுதான். விழா நாள்களில் பூசைக்கும் சொற்பொழிவுக்கும் நேரம் ஒதுக்குவது போல, மாலையில் பொழுது சாயும் வரை அவ்வெளியைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். போட்டியும் பரிசும் நடுவரும் வேண்டா. என்ன ஆடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பெரிய பிள்ளைகள் சிறியவர்களைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆண்பிள்ளைக்கு ஓர் அளவு, பெண்பிள்ளைக்கு ஓர் அளவு என்று மட்டும் வைக்காதீர்கள். பன்னிரண்டு வயதில் எவளையும் திண்ணைக்கு ஏற்றாதீர்கள்.

மூன்றாவது, இளம் பெற்றோர்க்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிடச் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஆண்டு எல்லையைச் சற்று விரியுங்கள். இவ்வாண்டு கீழ்த்தளக் கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்கி வரட்டும். அடுத்த ஆண்டு நூலகத்துக்குப் போகட்டும். நூறு கட்டளைகளை எடுத்துவிட்டு, மீறக் கூடாத இரண்டை மட்டும் சொல்லுங்கள். அவ்விரண்டும் நம் வீடுகளில் முன்பே இருக்கின்றன. பொழுது சாயும் முன் ஒன்றாக அமர்ந்து உண்ணும் வழக்கத்தை நகரத்திலும் காத்துவரும் குடும்பங்கள் இங்கே உள்ளன. அதை உணவு நெறியாக மட்டும் கொள்ளாதீர்கள். உண்ணும் நேரம் உறுதியாக இருந்தால், அதற்கு முந்திய ஒரு மணி நேரத்தை அச்சமின்றிப் பிள்ளையின் கையில் கொடுக்கலாம். கதிரவன் எல்லா ஊர்களிலும் மறைகிறான். அவன் மறையும் வரை அவர்கள் ஆடட்டும்.

பின்வரிசையில் இருந்த இருக்கைகளில் சில இப்போது காலியாக இருப்பதைக் காண்கிறேன். அங்கே அமர்ந்திருந்த பிள்ளைகள் வெளியே ஓடி ஆடிக்கொண்டிருந்தால் என் உரை பயனுற்றது. தயவுசெய்து இப்போது யாரும் அவர்களைத் தேடிப் போக வேண்டா. வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது.